பாட்டு டீச்சர் ஆவதற்கு என்ன வழி?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கூடத்தில் இசை கற்பிக்கும் பணிக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டுச் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை திருவொற்றியூர், ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வடசென்னையிலிருந்தே வந்திருப்பதால், அந்தப் பகுதி வாசகர்களின் கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் பி.காம். முடித்தவள். பதினொரு வயது முதல் வீட்டுக்கு அருகில் ஓர் ஆசிரியையிடம் வாய்ப்பாட்டு கற்றேன். கீர்த்தனைகள் வரை பாடம் ஆகியிருக்கிறது. அண்மையில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் வேலைக்குப் போனபோது, தலைமையாசிரியர் என் பாட்டைக் கேட்டுப் பாராட்டிவிட்டு, "டி.டி.சி. இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது என்ன? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்

பதில்: தலைமையாசிரியர் கேட்டது முறையான கேள்விதான். நீங்கள் பல ஆண்டுகள் கற்ற பாட்டு உங்களிடம் இருக்கிறது. ஆனால் அதைக் கற்றீர்கள் என்பதற்கு அரசு ஏற்கும் தாள் ஒன்றுகூட உங்களிடம் இல்லை. பள்ளி இசை ஆசிரியருக்கு மூன்று வகைத் தகுதிகள் பார்க்கப்படுகின்றன. முதலாவது பொதுக்கல்வி; அது உங்களிடம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. இரண்டாவது இசைத் தகுதி. மூன்றாவது, ஒரு வகுப்பை வைத்துப் பாடம் நடத்தப் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள் என்பதற்கான சான்று. நம் வீடுகளில் எல்லோரும் இரண்டாவதற்கே காலமெல்லாம் செலவழித்துவிட்டு, மூன்றாவதை வேலை அறிவிப்பு வந்த பிறகுதான் தேடுகிறார்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்குள் அதைப் பெற்றுவிட முடியாது.

பட்டமாகவோ பட்டயமாகவோ இசை படிக்காதவர்களுக்கு இரண்டாவது தகுதி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளின் வழியாகக் கிடைக்கிறது. ஓவியம், தையல், கைத்தறி நெசவு ஆகியவற்றோடு இசைக்கும் அந்தத் தேர்வு உண்டு. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். யாரிடம் கற்றீர்கள், எத்தனை ஆண்டுகள் கற்றீர்கள் என்பது அங்கே கேள்வியாக இராது. தனித்தேர்வராக விண்ணப்பித்து எழுதலாம். கீர்த்தனை வரை பாடம் ஆன உங்களுக்கு லோயர் கிரேடின் பாட்டுப் பகுதி கடினமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் இலக்கணப் பகுதியை அலட்சியம் செய்துவிடாதீர்கள். வீட்டில் கற்றவர்களில் பலர் மோகன ராகத்தை அழகாகப் பாடுவார்கள். அது எந்த மேளத்தில், அதாவது எந்தத் தாய் ராகத்தில், பிறந்தது, அதன் ஆரோகண அவரோகணம் (ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை) என்ன என்று எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். ஏழு தாளங்களும் ஐந்து ஜாதிகளும் சேர்ந்து 35 தாளங்கள் ஆகும் கணக்கு, 72 மேளகர்த்தா அமைப்பு, கீதத்துக்கும் ஸ்வரஜதிக்கும் வர்ணத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைக் கையால் எழுதிப் பழகுங்கள்.

தலைமையாசிரியர் கேட்ட டி.டி.சி. என்பது தொழில் ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி. இதுவும் அதே இயக்ககத்தின் பொறுப்பில், கோடை விடுமுறையில், 42 நாள் பயிற்சியாக நடந்துவருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், உரிய பிரிவில் லோயர் கிரேடு தேர்ச்சியும் இதற்கு அடிப்படை. அறிவிப்புகளில் வழக்கமாக 18 வயது நிறைந்தும் 45 வயதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆக, வரிசை இதுதான்: லோயர் கிரேடு முதலில், அதன் பிறகு வரும் கோடையில் டி.டி.சி., அதற்கு முன்போ பின்போ ஹையர் கிரேடு. ஒரு படி தவறினால் அடுத்த கோடை வரை காத்திருக்க நேரும் என்பதால், இந்த ஆண்டுத் தேர்வு அறிவிப்பை நாளிதழில் தேடுவதோடு நிற்காமல், இயக்ககத்தின் இணையதளத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். பயிற்சி அறிவிப்பில் இசைப் பிரிவுக்கு எந்த ஊர் மையம் என்று குறிப்பிட்டிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கவனியுங்கள். ஓவியத்துக்கும் தையலுக்கும் மையம் இருக்கும் இடத்திலெல்லாம் இசைக்கும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

காலடிப்பேட்டையிலிருந்து கடிதம் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைகர் வரதாச்சாரியார் 1876இல் பிறந்தது உங்கள் பேட்டையில்தான். பாட்டு ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே சென்னை மியூசிக் அகாடமி 1931இல் ஒரு கல்லூரியைத் தொடங்கியபோது, அதன் முதல்வராக அமர்ந்தவர் அவர். நன்றாகப் பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, பாட்டைக் கற்றுக்கொடுப்பதற்கும் முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம், உங்கள் தெருக்காரர் ஒருவரின் தலைமையில் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது.

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பத்து ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். லண்டன் டிரினிட்டி தேர்வில் பியானோ எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். இதை வைத்துப் பள்ளியில் நிரந்தர இசை ஆசிரியர் ஆக முடியுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தனியார் பள்ளி என்றால் முடியும், அரசுப் பள்ளி என்றால் இந்த ஒரு சான்றிதழால் முடியாது.

எட்டாம் கிரேடு என்பது அந்தத் தேர்வு வரிசையின் உச்சி என்றே நம்மில் பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் தகுதி அடுக்கில் அது மூன்றாம் நிலை. அதாவது கல்லூரிக்குள் நுழையும் முன் பெறும் தகுதி. அதற்கு மேல் ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்., எஃப்.டி.சி.எல். என்று பட்டயங்கள் இருக்கின்றன, இவற்றில் எல்.டி.சி.எல். அங்கே இளங்கலைப் பட்டத்தின் இறுதி ஆண்டுக்கு நிகரான ஆறாம் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. இசையைப் பாடமாக வைத்திருக்கும் ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளும் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளும் இந்தப் பட்டயங்களின் மதிப்பை அறிந்தவை. எனவே அந்த வழியில் செல்ல விரும்பினால் எட்டாம் கிரேடோடு நிற்காதீர்கள். கற்பித்தலுக்கென்றே உள்ள பட்டயத் தேர்வைத் தேர்ந்தெடுப்பது, மேடை வாசிப்புக்கான தேர்வைவிடப் பள்ளி வேலைக்கு உதவும்.

அதே வேளையில் கர்நாடக இசையின் அடிப்படையையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சென்னைப் பள்ளி ஒன்று ஒரே ஒரு இசை ஆசிரியரைத்தான் வைத்துக்கொள்ளும். காலை வழிபாட்டுக்கும் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் அவர்தான் பொறுப்பு. இரண்டு முறைகளும் சேர்ந்து நடப்பது உங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில்தான் சகோதரர்கள் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார்கள். தம்பி பாலுசாமி வயலின் கற்றார். அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று நாம் இன்று பாடும் அந்தச் சிறிய உருப்படிகள் சங்கராபரணத்தில், நீங்கள் மேஜர் ஸ்கேல் என்று வாசிக்கும் அதே ஸ்வரங்களில் அமைந்தவை. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, அதிகம் இல்லாததால் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எளிதில் வரும். கீபோர்டிலும் அப்படியே ஒலிக்கும். உங்களைப் போன்றவர் வகுப்பில் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இசையில் பட்டம் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்கிறாள். உறவினர்கள் எல்லோரும், "அதைப் படித்தால் எங்கே வேலை?" என்கிறார்கள். அவளை எங்கே சேர்ப்பது? உண்மையிலேயே வேலை கிடைக்குமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: சேர்ப்பதற்கு இடம் இருக்கிறது. அடையாற்றங்கரையில், ராஜா அண்ணாமலைபுரத்தில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 1949இல் மத்திய கர்நாடக சங்கீதக் கல்லூரி என்ற பெயரில் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. 2013இல் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் அமைந்த பிறகு அதன் கீழ் வருகிறது. இளங்கலைப் பட்டத்தோடு, இசைக்கலைமணி என்னும் பட்டயப் படிப்பும், அதை முடித்தவர்களுக்கு ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சியும் அங்கே உண்டு. வியாசர்பாடி ஜீவா நிலையத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்கு வந்து, வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஏறினால் கிரீன்வேஸ் சாலையில் இறங்கிக்கொள்ளலாம். பெண்கள் கல்லூரி வேண்டும் என்றால் மெரினா கடற்கரையை ஒட்டிய இராணி மேரி கல்லூரியில் இசைத் துறை இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் சுமையாக இராது.

வேலை பற்றி உங்கள் உறவினர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அறிவித்தபோது மொத்தம் இருந்த 1,325 இடங்களில் இசைக்கு இருந்தவை 86 மட்டுமே. அவையும் ஆண்டுதோறும் வரும் இடங்கள் அல்ல. எனவே அரசுப் பணி ஒன்றையே குறியாக வைத்து இந்தப் படிப்பில் சேர்ப்பது சரியாகாது. ஆனால் அரசுப் பள்ளி ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. கேந்திரிய வித்யாலயா சங்கதன் 2022இல் வெளியிட்ட அறிவிப்பில் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியருக்கு மட்டும் 303 இடங்கள் இருந்தன. பிளஸ் டூவில் 50 விழுக்காடும், இசையில் இளங்கலைப் பட்டமும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்தும் திறனும் அதில் கேட்கப்பட்டன. வயது வரம்பு 30. இந்தியாவில் எங்கும் போகத் தயார் என்றால் உங்கள் மகளுக்கு அது நல்ல வாய்ப்பு. இப்போதிருந்தே இந்தி படிக்கத் தொடங்கட்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை, பாட்டுக்குத்தானே போகிறோம் என்று விட்டுவிடவும் வேண்டாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கர்நாடக இசை வாய்ப்பாட்டு, இசைக்கருவி, தாளக்கருவி என்று தேர்வுப் பாடமாகவே இருக்கிறது. அதை எடுத்து நடத்தும் பள்ளிகள் பட்டம் பெற்றவரைத்தான் தேடுகின்றன. லோயர், ஹையர் வழியில் வந்தவரைவிடப் பட்டம் பெற்றவருக்கு இங்கே கதவு அகலமாகத் திறக்கும். பெண் கேட்கிறாள், குரல் இருக்கிறது, உழைக்கிறாள் என்றால் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் நிறுவனம், ஆறு மாதத்தில் "இசை ஆசிரியர் டிப்ளமா" தருவதாகவும், அது அரசு வேலைக்குச் செல்லும் என்றும் சொல்கிறது. சேரலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்? பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பல்கலைக்கழகமோ, அரசுத் தேர்வுகள் இயக்ககமோ, அரசு இசைக் கல்லூரியோ இல்லாமல் அந்த நிறுவனத்தின் முத்திரை மட்டும் என்றால், பாட்டு கற்றுக்கொள்வதற்குச் சேரலாம். அரசு வேலையை எண்ணிச் சேர வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 39. லோயர், ஹையர், டி.டி.சி. மூன்றும் இருக்கின்றன. நடுநிலைப் பள்ளி ஒன்றில் பகுதிநேர இசை ஆசிரியையாக இருக்கிறேன். இனி நிரந்தரப் பணிக்குத் தேர்வு எழுதலாமா, வயது கடந்துவிட்டதா? 'டெட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத வேண்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வயது கடந்துவிடவில்லை. ஆசிரியர் நியமனத்துக்கான உச்ச வரம்பைத் தமிழ்நாடு அரசு 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 எனவும், மற்றப் பிரிவினருக்கு 58 எனவும் உயர்த்தியது. ஆசிரியர் தகுதித் தேர்வு, ஒன்று முதல் எட்டு வரை பாடம் நடத்தும் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர்களுக்கானது. 2017இல் நடந்த சிறப்பாசிரியர் தேர்வுக்கு அது கேட்கப்படவில்லை. ஆனால் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு நடக்கும் போட்டித் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு பெறாவிட்டால் இசைத் தாளையே திருத்த மாட்டார்கள். தேவாரமும் திருப்புகழும் பாடுகிறவர்களுக்குத் தமிழ் தானே வரும் என்று இருந்துவிடாமல், பள்ளித் தமிழ் இலக்கணத்தை ஒரு முறை புரட்டுங்கள்.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், அந்தப் பதவிக்கு வேண்டிய ஒவ்வொரு படிப்பையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் படித்த பள்ளியிலும் பயிற்சி பெற்ற இடத்திலும் அதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு, மூடப்பட்டுவிட்ட பள்ளியின் பதிவேட்டைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பகுதிநேரப் பணி பற்றி என் கருத்தையும் சொல்கிறேன். நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். அந்தத் தொகை 2021இல் 10,000 ஆகவும், 2024இல் 12,500 ஆகவும் ஆனது. வாரத்தில் மூன்று அரை நாள் என்று கணக்கு இருந்தாலும், ஆண்டு விழா வந்தால் இவர்கள்தான் பொழுது சாயும் வரை பள்ளியில் இருக்கிறார்கள். சட்டம் ஒரு குறைந்தபட்சத்தை வகுத்தால் அதையே உச்சமாகக் கொள்வது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, ஆசிரியர்களுக்கும் நியாயமல்ல. உங்களைப் போன்றவர்கள் பணி நிரந்தரம் கேட்பது முழுக்க நேர்மையான கோரிக்கை என்று நான் நம்புகிறேன். அந்தக் கோரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தேர்வுக்குப் படிப்பதை அதற்காக ஒத்திப் போடாதீர்கள்.

கேள்வி: எல்லாச் சான்றிதழ்களும் பெற்று, ஒரு தனியார் பள்ளியில் இந்த ஆண்டு சேர்ந்துவிட்டேன். ஆறு முதல் ஒன்பது வரை வகுப்புகள். ஒரு வகுப்பில் 45 பேர், 40 நிமிடம். ஸ்வரப் பயிற்சியின் முதல் பாடமான சரளி வரிசையைத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் யாரும் பாடுவதில்லை. பாடுகிற சிலரும் சுருதி சேராமல் முனகுகிறார்கள். கடைசி வரிசைப் பையன்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார். என்ன செய்வது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். சான்றிதழ் எப்படிப் பெறுவது என்று கேட்பவர்களுக்கு விதிகளைப் பார்த்துப் பதில் எழுதிவிடலாம். உங்கள் கேள்விக்கு வகுப்பறையில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சுருதி. நீங்கள் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆண்களில் பெரும்பாலோரைப் போல 1 கட்டை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சுருதிப் பெட்டியை உங்களுக்கு வசதியாக 1 கட்டையில் வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பின்பாடச் சொல்கிறீர்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது மிகவும் தாழ்ந்த இடம். கீழே இறங்கிப் பாடினால் முனகல்தான் வரும். மேல் ஸ்தாயியில் எடுத்தால் தொண்டை கிழியும். அவர்கள் சுருதி தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். உங்கள் 1 கட்டையின் மந்திர பஞ்சமம்தான், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப'தான், 5 கட்டையின் ஆதார ஷட்ஜம், அதாவது தொடக்க 'ச'. அந்தப் பஞ்சமத்தை 'ச' என்று வைத்துக்கொண்டு நீங்கள் பாடினால், உங்கள் குரல் மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை சிரமமில்லாமல் போய்வரும். பிள்ளைகள் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே தாமாகவே சேர்ந்துகொள்வார்கள். சில நாட்கள் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் உங்கள் குரல் அங்கே ஒளிராது. ஆனால் அந்த 40 நிமிடம் அவர்களுடைய குரலுக்கான நேரம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் நிலை வேறு. குரல் உடையும் வயது. நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது, நடுவில் பிசிறும், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து வாழ்நாள் முழுவதும் பாடாமல் போனவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அவர்களைத் தனியே எழுந்து பாடச் சொல்லாதீர்கள். கூட்டத்தோடு, நாலைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் வரிகளைக் கொடுங்கள். மீதி நேரம் தாளம் அவர்கள் பொறுப்பு.

இனி, சரளி வரிசை. மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று போகும் வரிசை மிகச் சிறந்த வரிசை; அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அது எதிரில் உட்கார்ந்து, நாள்தோறும் சாதகம் செய்து, வருடக்கணக்கில் கற்க வந்த ஒரு மாணவருக்காக அமைந்தது. உங்கள் வகுப்பில் இருக்கும் 45 பேரும் இசை கற்க விண்ணப்பித்து வந்தவர்கள் அல்லர். கணக்கு வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் நடுவில் வாரத்துக்கு ஒரு முறை உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் பாட்டைக் கொடுத்து, அந்தப் பாட்டுக்குள்ளிருந்து ஸ்வரத்தை எடுத்துக் காட்ட வேண்டும்.

எந்தப் பாட்டு என்று தேட வேண்டியதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதை மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது மனப்பாடம். அப்படியென்றால் அவர்கள் மோகனத்தை அறியாமலேயே கற்றுவிட்டார்கள். அடுத்த வகுப்பில் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு அதைப் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் வெயிலில் நிற்கும் அவசரத்தில் முன்னதாகவே முடித்துவிடுகிறார்கள். பிறகு ஒன்று-இரண்டு-மூன்று என்று தட்டிக்கொண்டு சரியாக 55 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். காலப்பிரமாணம் என்றால் என்ன என்று தனியே விளக்கம் தேவைப்படாது. அதன் பின், ச ரி க ப த ஐந்தையும் பலகையில் எழுதி, "இந்த ஐந்தில்தான் தினமும் காலையில் பாடுகிறீர்கள்" என்று சொல்லி, முதல் வரியின் ஸ்வரங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் வரும், வரட்டும். அது வேலை செய்யும் வகுப்பின் சத்தம். ஜன்னலில் நிற்கும் தலைமையாசிரியரிடம், இன்று என்ன கற்பித்தீர்கள் என்பதைப் பாடக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள். இசை வகுப்பில் குறிப்பேடு எழுதாதவர்களின் பீரியடைத்தான் பரீட்சை நெருங்கும்போது மற்றப் பாட ஆசிரியர்கள் முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

கடைசி வரிசைப் பையன்களிடம் வருகிறேன். கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் மேசையில் தட்டுவது பெரும்பாலும் கானாவின் நடையாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்வதற்கு முன் ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள்: வேகம் கூடாமல் குறையாமல், எடுப்பு தவறாமல், எதிர்த்தட்டு விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று. விழுந்தால், முறையாகக் கற்ற பலருக்குப் பல ஆண்டுகளில் வராத லயம் அந்தப் பையனிடம் இருக்கிறது. அவனை முன்னால் அழையுங்கள். ஆதி தாளத்தைக் காட்டுங்கள்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்; பிறகு ஒரு தட்டு ஒரு வீச்சு, மீண்டும் ஒரு தட்டு ஒரு வீச்சு; எட்டு எண்ணிக்கை. வகுப்பு அந்தத் தாளத்தைக் கையில் போட, அவன் தன் நடையை மேசையில் வாசிக்கட்டும். இரண்டும் எட்டில் வந்து சேரும் இடத்தை 45 பேரும் தாமே கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனை வகுப்பின் தாளக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. தனியார் பள்ளிகளிலும் ஆண்டு விழா இருக்கிறது. நன்றாகப் பாடும் பத்துப் பேரைப் பொறுக்கி ஆறு வாரம் அவர்களோடு மட்டும் உழைப்பதே அப்போது வழக்கமாகிவிடுகிறது. பரிசு வரும். ஆனால் மீதி 35 பேரின் பாட்டு வகுப்பு அந்த ஆறு வாரமும் இல்லாமல் போகும். அந்த வேலையைப் பள்ளி முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பி எண்ணூரில் கானாக் கச்சேரிகளுக்கு டோலக் வாசிக்கிறான், பாடவும் செய்வான். பத்தாம் வகுப்பு தேறியவன், வயது 22. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை. முறையாகக் கற்காத அவனுக்கும் ஆசிரியர் ஆகும் வழி உண்டா?
– வாசகி, எண்ணூர்

பதில்: உண்டு, ஆனால் கானாவுக்கும் டோலக்குக்கும் லோயர் கிரேடில் இடம் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும். கர்நாடக இசையில் வாய்ப்பாட்டையோ மிருதங்கத்தையோ அவன் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். கையில் ஏற்கெனவே லயம் இருப்பதால் மிருதங்கம் விரைவில் பழகும் என்றாலும், பள்ளிக்கு வாய்ப்பாட்டுதான் கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம். பகலில் வேலைக்குப் போகிறவன் என்றால், பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் தமிழ் இசைக் கல்லூரியில் விசாரிக்கட்டும். 1943இல் தோன்றிய சங்கம் அது. சீர்காழி கோவிந்தராஜன் இசைமணிப் பட்டம் பெற்றது அந்தக் கல்லூரியில்தான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்.

கற்கும் காலத்திலேயே குழந்தைகளோடு பழக விரும்பினால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் கற்பிக்கிறார்கள். அங்கே போய் உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். சம்பளத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். லோயர் கிரேடு விண்ணப்பத்திலிருந்து பணி நியமனம் வரை அந்த ஒரு தாளை வைத்துத்தான் எல்லாம் சரிபார்க்கப்படும்.